தரைவண்டை இனங்காணல்: சப்ரகமுவத் தோட்டங்களுக்கான செய்முறை

தேயிலை மலையில் கான் ஓரத்துக் கல் ஒன்றைப் புரட்டினால், ஈரமண்ணில் கறுப்பாக மின்னிக்கொண்டு ஒரு வண்டு ஓடும். பறக்கப் பார்க்காது, ஓடும். அடுத்த கல்லுக்கோ சருகுக்கோ கீழே நுழைந்து மறைந்துவிடும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலைக்கும் இறப்பருக்கும் போய்வருகிற எல்லாரும் இதைக் கண்டிருப்பார்கள். இதுதான் தரைவண்டு, கரபிடே குடும்பம். உலகில் ஏறக்குறைய 40,000 இனங்கள் அறியப்பட்ட பெருங்குடும்பம். பெரும்பாலானவை புழுக்களையும் சிறு பூச்சிகளையும் நத்தைக் குஞ்சுகளையும் பிடித்துத் தின்பவை. சில விதைகளையும் தின்னும்.

இந்த வண்டைப் பிடித்து, குடும்பத்தை உறுதிசெய்து, சாதி வரை கொண்டுபோய், சரியான சீட்டுடன் வைப்பது எப்படி என்று இந்த அத்தியாயம் சொல்கிறது. எல்லா வண்டையும் இனப்பெயர் வரை கொண்டுபோக முடியாது. எந்தப் படியில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வது இந்த வேலையில் பாதி.

தோட்டத்தில் இருந்துகொண்டே இதைச் செய்ய முடியுமா என்று தயங்க வேண்டாம். இலங்கைத் தரைவண்டுகள் பலவற்றை முதன்முதலில் விவரித்தவர்களில் ஒருவர் யொஹான்னஸ் நீட்னர். இறம்பொடைப் பகுதியில் கோப்பித் தோட்டம் செய்த ஜேர்மனியர். கோப்பிச் செடியின் எதிரிகளைப் பற்றி 1861இல் நூலும் எழுதினார். ஜோர்ஜ் லூயிஸ் என்ற தேயிலை வணிகர் இங்கே சேகரித்த தரைவண்டுகளை வைத்து ஹென்றி வோல்டர் பேட்ஸ் 1886இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். தோட்டத்தோடும் தேயிலையோடும் பிழைத்தவர்களின் கைவழியாகத்தான் இந்த அறிவு தொடங்கியது. ஆனால் அன்று மலையை அன்றாடம் மிதித்தவர்கள் வேறு மக்கள். அவர்கள் கண்டது எதுவும் ஏட்டில் ஏறவில்லை. அது இப்போது ஏற வேண்டும்.

முதலில் அனுமதி

தோட்டக் காணிக்குள் குழி தோண்டுவதற்குத் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லி அனுமதி பெறுங்கள். அந்த மலைக்குப் பொறுப்பான கங்காணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். எந்த மலைக்கு எந்த நாளில் மருந்து அடித்தார்கள் என்பதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

தோட்ட எல்லை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கவனம் தேவை. இரத்தினபுரி மாவட்டத்தில் சிங்கராஜ வனமும் சிவனொளிபாதமலைச் சரணாலயமும் பல தோட்டங்களை ஒட்டியே கிடக்கின்றன. அங்கே ஒரு வண்டை எடுப்பதற்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அல்லது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இன்றும் நடைமுறையில் உள்ளன. அனுமதி இல்லாவிட்டால் படம் மட்டும் எடுங்கள். வெளிநாட்டில் யாராவது வண்டு அனுப்பச் சொல்லிக் கேட்டால், பணம் தந்தாலும் தராவிட்டாலும், அனுப்பாதீர்கள்.

தேவையான சாமான்கள்

- கழுவிய யோகட் கோப்பைகள் 10. பெரிய வண்டுகளுக்கு 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடிப்பாகம் நல்லது.
- சிறு மண்வெட்டி அல்லது தவறணையில் பாவிக்கும் கைக்கரண்டி.
- உப்பு, பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம்.
- பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட், இறுக்கமான மூடியுள்ள சிறு போத்தல்கள்.
- 10 மடங்கு பெருக்கும் கைவில்லை. இது இல்லாமல் அடையாளம் பார்க்கும் பகுதிக்குப் போகவே முடியாது. வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.
- மெல்லிய முனையுள்ள சிமிட்டா, மி.மீ. அளவுள்ள அடிமட்டம், வெள்ளைக் காகிதம், பென்சில்.
- தலையில் கட்டும் டோர்ச் லைட், இறப்பர் கையுறை, முழங்கால்வரை பூட்ஸ்.

கோப்பைப் பொறி வைத்தல்

தரைவண்டைச் சேகரிக்க இதைவிட எளிய முறை கிடையாது. இரவில் ஓடும் வண்டு கோப்பைக்குள் விழும். வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் உள்ளேயே கிடக்கும்.

1. இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தேயிலை வரிசைக்கு நடுவே நிழலுள்ள மண், இறப்பர் மரத்தடிச் சருகு, கான் ஓரம், காட்டு ஓரம் ஆகிய நான்கிலும் வெவ்வேறு வண்டுகள் விழும். முதல் முறைக்கு ஒரே வகை இடம் போதும்.

2. கோப்பை அளவுக்கே குழி தோண்டுங்கள். எடுத்த மண்ணை ஒரு பையில் போட்டு வையுங்கள், திரும்ப நிரப்ப வேண்டும்.

3. கோப்பையின் விளிம்பு மண்மட்டத்தோடு சமமாக, அல்லது மயிரிழை கீழே இருக்க வேண்டும். பெரும்பாலான பொறிகள் தோற்பது இந்த ஒரு படியில்தான். விளிம்பு 2 மி.மீ. உயர்ந்து நின்றாலும் சிறு வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும். சுற்றியுள்ள இடைவெளியை மண்ணால் அடைத்து விரலால் அழுத்துங்கள்.

4. ஒரு லீற்றர் தண்ணீருக்கு நான்கைந்து மேசைக்கரண்டி உப்புக் கரைத்து, ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்டு, கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். உப்பு அழுகலைத் தாமதிக்கும். சவர்க்காரம் இல்லாவிட்டால் சிறிய வண்டுகள் நீர்ப்பரப்பிலேயே மிதந்து ஏறிவிடும்.

5. வாயின்மேல் 2 செ.மீ. கண்ணுள்ள கம்பிவலைத் துண்டு ஒன்றை வையுங்கள். இந்த ஈரவலயத்துத் தவளைகளில் பெரும்பாலானவை இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. ஒரு வண்டுக்காக அவை உப்புத் தண்ணீரில் சாகக் கூடாது. மூஞ்சூறும் அரணையும் விழாமல் தடுக்கவும் இதுவே வழி.

6. மேலே கூரை வேண்டும். தகரத் துண்டு அல்லது கமுகம் பாளையை நான்கு குச்சிகளில் 3 செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். இரத்தினபுரி மழைக்குக் கூரையில்லாத கோப்பை ஒரு மணி நேரத்தில் நிரம்பி வழிந்துவிடும்.

7. கோப்பைக்குக் கோப்பை 5 மீற்றர் இடைவெளி விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் பக்கத்தில் நிறத்துணி கட்டுங்கள்.

8. இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுங்கள், மூன்றாம் நாளைத் தாண்ட விடாதீர்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அதற்குமேல் வண்டின் மூட்டுகள் கழன்றுவிடும். கால் இல்லாத வண்டை இனங்காண முடியாது.

9. வேலை முடிந்ததும் கோப்பைகளை எல்லாம் எடுத்துக் குழிகளை மண்ணால் மூடி மிதியுங்கள். கூடை சுமந்து கொழுந்து பறிப்பவர்கள் அந்தச் சரிவில்தான் கால் வைக்கிறார்கள்.

கவனம்: வாகனக் குளிரூட்டித் திரவத்தைப் பொறியில் ஊற்றும்படி சில வெளிநாட்டு நூல்கள் சொல்லும். அது இனிக்கும் நஞ்சு. நாயும் பிள்ளையும் நடமாடும் தோட்டத்தில் அதற்கு இடமில்லை.

தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. அதன் உச்சத்தில் பொறி வைப்பது வீண்வேலை. மழை தொடங்கும் வாரங்களும், மழைக்கு நடுவே வரும் வெயில் இடைவெளிகளும் நல்லவை. மருந்து அடித்த மலையில் குறைந்தது இரண்டு வாரம் பொறி வைக்காதீர்கள். உங்கள் உடம்புக்கும் நல்லதல்ல, கிடைக்கும் பட்டியலும் அந்த மலையின் உண்மையைச் சொல்லாது.

கையால் தேடுதல்

பொறியில் விழாதவையும் உண்டு. மரப்பட்டையில் வாழ்பவை, ஆற்று மணலில் வெயிலில் ஓடுபவை, விழுந்த கட்டைக்கு அடியில் இருப்பவை. கல்லைப் புரட்டும்போது எதிர்ப்பக்கத்து விளிம்பைக் கம்பியாலோ குச்சியாலோ நெம்பி, உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அப்போது கல்லே உங்களுக்கும் அடியில் இருப்பதற்கும் நடுவே மறைப்பாக நிற்கும். பார்த்து முடிந்ததும் கல்லை இருந்தபடியே வையுங்கள், அதன் அடி பல உயிர்களின் வீடு.

உயிருக்கு ஆபத்தானவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

*பாம்பு.* சருகுக்குள் சுருண்டு கிடக்கும் கோப்பி விரியன்தான் இந்தத் தோட்டங்களில் முதல் ஆபத்து. சிறியது, சருகின் நிறத்திலேயே இருக்கும், காலடி வரும்வரை அசையாது. வெறுங்கையைச் சருகுக்குள் விடாதீர்கள். இரவில் எட்டடி விரியனும் நடமாடும். கடித்தால் கீறவும் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள்.

*குளவி.* பட்டுப்போன மரம், பாறை இடுக்கு, நிழல்மரக் கிளை ஆகியவற்றை முதலில் அண்ணாந்து பாருங்கள். கூடு தெரிந்தால் அந்த மலையை விட்டுவிடுங்கள். குளவிக்கொட்டில் தோட்டத் தொழிலாளர்கள் உயிரிழந்த செய்தி வராத ஆண்டு இல்லை.

*எலிக்காய்ச்சல்.* கான் தண்ணீரிலும் வயல் ஓரச் சேற்றிலும் கை வைப்பவருக்கு இது வரக்கூடியது. இரத்தினபுரி மாவட்டத்தில் இந்த நோய் அதிகம். கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று சேற்றில் இறங்காதீர்கள். அடிக்கடி ஈரத்தில் வேலை செய்வதாக இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். வேலைக்குப் பின் வரும் காய்ச்சலை அலட்சியம் செய்ய வேண்டாம். வைத்தியரிடம் சேற்றில் இறங்கியதைச் சொல்லுங்கள்.

*குழியும் சரிவும்.* இரத்தினபுரியில் கைவிடப்பட்ட மாணிக்கக் குழிகள் புல் மூடித் தண்ணீர் நிரம்பிக் கிடக்கும். பகலில் பார்த்து வைக்காத பாதையில் இரவில் நடக்காதீர்கள். அடைமழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்த பிரதேசத்துக்குப் போகவே வேண்டாம். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததைக் கேகாலையில் யாரும் மறக்கவில்லை.

*பீச்சும் வண்டு.* தரைவண்டுகளிலேயே ஒரு வகை, பெரோப்சோபஸ் சாதி, பிடித்தால் வயிற்று நுனியிலிருந்து சுடுநீராவி பீச்சும். வயிற்றில் ஐதரோகுயினோனும் ஐதரசன் பேரொட்சைட்டும் தனி அறையில் இருக்கின்றன. ஆபத்து வந்ததும் அவை நொதியங்களோடு கலந்து, ஏறக்குறைய 100 பாகை செல்சியசில் சின்ன வெடிச்சத்தத்தோடு வெளியேறும். நுனியை எந்தப் பக்கமும் திருப்பி அடிக்க அதற்குத் தெரியும். தோல் கபிலமாகும், எரியும், கறை சில நாள் இருக்கும். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் கறுப்பும் கலந்த, சிறகுறை நுனி வெட்டியதுபோல் நிற்கும் வண்டை வெறுங்கையால் தொடாதீர்கள், முகத்தருகே கொண்டுபோகாதீர்கள்.

*தரைவண்டு அல்லாத ஒன்று.* வெளிச்சத்துக்கு வரும், 1 செ.மீ.க்கும் குறைவான, செம்மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி வரும் மெல்லிய பூச்சி பெடரஸ். சிறகுறை மிகக் குட்டையாக இருக்கும், வயிற்றின் பெரும்பகுதி வெளியே தெரியும். கழுத்தில் ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், அடித்து நசுக்காதீர்கள். அதன் உடல்நீர் பட்ட இடம் மறுநாள் கொப்பளிக்கும். தெரியாமல் நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கோப்பையிலிருந்து மேசைக்கு

1. கோப்பைத் தண்ணீரைத் தேயிலை வடியில் ஊற்றி, நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்குங்கள்.
2. வண்டுகளை மட்டும் பிரித்து ஸ்பிரிட் போத்தலில் போடுங்கள். ஒரு கோப்பைக்கு ஒரு போத்தல். கலந்துவிட்டால் இடத்தகவல் போய்விடும்.
3. பென்சிலால் எழுதிய சீட்டை அப்போதே போத்தலுக்குள் போடுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.
4. உயிரோடு பிடித்த வண்டானால், டப்பாவில் அடைத்து அதை இன்னொரு டப்பாவுக்குள் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு நாள் வையுங்கள். இந்த முறைக்கு நஞ்சு தேவையில்லை.

ஸ்பிரிட் தீப்பற்றும். விறகடுப்பு எரிகிற லயக் காம்பராவில் அதைத் திறக்காதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஒரே வகையில் இருபது விழுந்தால் இருபதையும் வைத்திருக்கத் தேவையில்லை என்று தோன்றும். முதல் முறை எல்லாவற்றையும் வையுங்கள். ஆண், பெண், அளவு வேறுபாடு எல்லாம் அப்போதுதான் கண்ணுக்குப் பழகும். அடுத்த முறை குறைவான கோப்பைகளோடு போகலாம்.

இது தரைவண்டு தானா?

வண்டை மல்லாக்கப் போட்டுத் தொடங்குங்கள். புதிதாகப் பழகுபவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். குடும்பத்தைச் சொல்வது வயிற்றுப்பக்கம்தான்.

1. முதுகில் இரண்டு கடினமான சிறகுறைகள் நடுவில் நேர்கோட்டில் சந்திக்கின்றனவா? சந்தித்தால் கோலியொப்டெரா வருணம். சிறகுறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அது கரப்பானாகவோ வேறு பூச்சியாகவோ இருக்கும்.

2. பின்காலின் அடித்துண்டைப் பாருங்கள். அது பின்னோக்கி நீண்டு, வயிற்றின் முதல் வளையத்தை நடுவில் வெட்டி இடமும் வலமுமாகப் பிரித்திருக்க வேண்டும். இதுதான் அடிபேகா துணைவருணத்தின் முத்திரை. வில்லையைக் கண்ணோடு ஒட்டி, வண்டை வில்லைக்கு அருகே கொண்டுவாருங்கள். எண்ணெய்த்தன்மை இருந்தால் தூரிகையால் துடையுங்கள்.

3. அதே பின்காலில், தொடை தொடங்கும் இடத்தில், அவரை விதையைப் போன்ற ஒரு பெரிய முண்டு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். தரைவண்டில் இது தெளிவாகத் தெரியும்.

4. மூன்று சோடிக் கால்களிலும் பாதக் கணுக்களை எண்ணுங்கள். 5, 5, 5 என்று வர வேண்டும்.

5. உணர்கொம்பில் 11 கணுக்கள், நூல்போல் ஒரே தடிப்பில். நுனி பருத்தோ விசிறிபோல் விரிந்தோ இருந்தால் வேறு குடும்பம். எறும்புப் புற்றோடு வாழும் போசஸ் சாதியில் மட்டும் கொம்பு விநோதமாகப் பருத்திருக்கும். அது அரிதாகத்தான் கையில் வரும்.

6. பின்கால்கள் நீந்துவதற்கு ஏற்பத் தட்டையாகி மயிர் வரிசையோடு இருந்தால் அது நீர்வண்டு. அடிபேகாவில் அதுவும் சேரும் என்பதால், 2ஆம் படியில் சரியென்று வந்திருக்கும். ஏமாறாதீர்கள்.

அடிக்கடி நேரும் தவறு: கறுப்பாக, அளவிலும் உருவத்திலும் ஒத்து, சருகிலேயே வாழும் இருள்வண்டைத் தரைவண்டு என்று எடுப்பது. இருள்வண்டின் பாதக் கணுக்கள் 5, 5, 4. உணர்கொம்பு தொடங்குமிடம் தலையின் பக்கவிளிம்புக்கு அடியில் மறைந்திருக்கும். உயிரோடு இருக்கும்போது நடையிலேயே தெரியும்: இருள்வண்டு நிதானமாக நடக்கும், தரைவண்டு நிற்காமல் ஓடும்.

குழு பிரித்தல்

குடும்பம் உறுதியான பிறகு, தோட்டங்களில் எதிர்பார்க்கக்கூடிய குழுக்களை இப்படிப் பிரிக்கலாம். இது முழுமையான திறவுகோல் அல்ல. அன்றாடம் விழுபவற்றில் பெரும்பங்கைப் பிரிக்க இது உதவும்.

*கண் பிதுங்கி, தலை மார்பைவிட அகலமாக, நீண்ட பற்களுள்ள தாடையோடு வெயிலில் ஓடினால்* அது புலிவண்டு. சில நூல்கள் இதைத் தரைவண்டுக் குடும்பத்துக்குள்ளும் சில நூல்கள் தனிக் குடும்பமாகவும் வைக்கின்றன. நீங்கள் பின்பற்றும் நூலைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். மரத்தண்டில் ஏறி இறங்கும் மெலிந்த, பறக்காத புலிவண்டுகள் டெரோகிரேனியா சாதியைச் சேர்ந்தவையாக இருக்கலாம். அந்தச் சாதியின் இனங்களில் பெரும்பாலானவை இலங்கைக்கே உரியவை. குருவிட்டைக்கு அருகே போபத் எல்ல நீர்வீழ்ச்சியடியில், வோல்டர் ஹோர்ன் 1900இல் பெயரிட்ட சிலிண்டெரா வோட்டர்ஹவுசி என்ற புலிவண்டைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத வண்டு அது. அந்தக் கரையில் ஒன்றைக் கண்டால் படம் எடுங்கள், பிடிக்க வேண்டாம்.

*மார்புக்கும் சிறகுறைக்கும் நடுவே ஒடுங்கிய இடுப்பு, முன்காலில் மண் தோண்டும் அகலப் பற்கள்.* பெரிதாக, 15 மி.மீ.க்கு மேல், முன்னோக்கி நீட்டிய தாடையோடு இருந்தால் ஸ்காரைட்டிஸ் பக்கம் பாருங்கள். சிறிதாக, 10 மி.மீ.க்குள் இருந்தால் கிளிவினா.

*சிறகுறை நுனி வெட்டி நிற்க, வயிற்று முனை வெளியே தெரிந்து, மஞ்சளும் கறுப்பும் கலந்திருந்தால்* பெரோப்சோபஸ். மேலே சொன்ன எச்சரிக்கையை மறக்காதீர்கள்.

*நுனி வெட்டித்தான் நிற்கிறது, ஆனால் உடல் தட்டை. மரப்பட்டையிலோ இலையிலோ விழுந்த கட்டையிலோ கிடைத்தது.* லெபியினி குலம். உலோகப் பச்சையாகப் பளபளத்தால் கட்டாஸ்கோபஸ் என்று சந்தேகிக்கலாம்.

*2 முதல் 3 மி.மீ., ஈரச் சேற்றில் விரைந்து ஓடுகிறது.* வாயுணரியின் கடைசிக் கணு ஊசிமுனையளவு சிறுத்திருந்தால் டாகிஸும் அதன் உறவுகளும். கைவில்லையால் இதற்குமேல் போக முடியாது.

*சாதாரணக் கறுப்பு வண்டு.* உண்மையான சிரமம் இங்கேதான். கண்ணுக்கு உட்பக்கத்தில், தலையின்மேல், நீண்ட தனி மயிர் ஒவ்வொரு பக்கமும் எத்தனை என்று பாருங்கள். ஒன்று இருந்தால் ஹார்ப்பாலினி குலம் முதலில் மனதில் வர வேண்டும். இரண்டு இருந்தால் டெரோஸ்டிகினி, பிளாட்டினினி போன்ற குலங்கள். மயிர் உடைந்து போயிருக்கலாம். அது நின்ற குழி மட்டும் இருக்கும். குழியையும் எண்ணுங்கள். மயிர் இல்லை என்று அவசரமாக எழுதுவதால்தான் பல வண்டுகள் தவறான குலத்துக்குப் போகின்றன.

ஒரு வண்டை முழுதாகப் பார்ப்போம்

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலை மலை; கான் ஓரத்து மூன்றாம் கோப்பையில் ஒரு வண்டு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். நீளம் 14 மி.மீ. அளக்கும்போது தாடை நுனியிலிருந்து சிறகுறை நுனிவரை அளந்திருக்கிறீர்கள்.

அலசி, காகிதத்தில் ஈரம் ஒற்றி, வெள்ளைத் தாளில் வைக்கிறீர்கள். தலையும் மார்பும் பச்சையும் செம்பும் கலந்து மின்னுகின்றன. சிறகுறை மின்னவில்லை, மங்கலாக இருக்கிறது. வில்லையைக் கிட்டக் கொண்டுபோனால் மங்கலுக்குக் காரணம் தெரிகிறது: பொன்னிற மயிர்கள் அடர்ந்து படிந்து கிடக்கின்றன. மயிருக்கு அடியில் நீளவாட்டில் வரிகள். கால்கள் மஞ்சள் கலந்த கபிலம்.

மல்லாக்கப் போடுங்கள். பின்காலின் அடித்துண்டு வயிற்றின் முதல் வளையத்தைப் பிரிக்கிறது. முண்டு இருக்கிறது. பாதக் கணுக்கள் 5, 5, 5. குடும்பம் உறுதி.

திருப்புங்கள். சிறகுறை நுனி வட்டமாக முடிந்து வயிற்றை மூடுகிறது; ஆகவே பெரோப்சோபஸும் லெபியினியும் கழிந்தன. இடுப்பு ஒடுங்கவில்லை, முன்காலில் தோண்டும் பல் இல்லை, ஸ்காரைட்டிஸ் கழிந்தது. கண்ணுக்கு மேலே தனி மயிர் ஒன்றுதான், இரண்டாவது குழி இல்லை. உணர்கொம்பின் முதல் மூன்று கணுக்கள் ஏறக்குறைய வழுவழுப்பு, நான்காவதிலிருந்து மயிர் அடர்த்தி. முன்காலின் முதல் மூன்று பாதக் கணுக்கள் அகன்று அடியில் ஒட்டுமயிர் மெத்தை. ஆகவே இது ஆண். ஹார்ப்பாலினி ஆணில் பெரும்பாலும் நான்கு கணுக்கள் அகன்றிருக்கும். மின்னும் தலையும் மயிர் படிந்த சிறகுறையும் ஒற்றைத் தலைமயிரும் சேர்ந்து நிற்பது கிளீனியஸ் சாதிக்கு. உயிரோடு பிடித்திருந்தால் கிருமிநாசினியை ஒத்த கடும் வாசமும் வந்திருக்கும்.

இனம் எது? இலங்கையில் கிளீனியஸ் இனங்கள் பல. சிறகுறையில் மஞ்சள் புள்ளி அல்லது மஞ்சள் விளிம்பு இருந்தால் அதன் வடிவத்தையும், நடுக்கோட்டிலிருந்து எண்ணி எத்தனையாம் வரியில் தொடங்கி எத்தனையாவதில் முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மார்பை அகலம், நீளம் இரண்டும் அளந்து வகுத்து எழுதுங்கள். பிறகு சீட்டில் "கிளீனியஸ், இனம் உறுதியில்லை" என்று எழுதி நிறுத்துங்கள். இந்தச் சீட்டை நம்பி ஒரு நிபுணர் மேற்கொண்டு போக முடியும். இணையத்தில் ஒத்த படத்தைக் கண்டு இனப்பெயர் எழுதியிருந்தால், அவர் உங்கள் பெட்டி முழுவதையும் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

இரண்டு பொறிகளில் சிக்காதீர்கள்

புழுக்கூட்டிலிருந்து புதிதாக வந்த வண்டு வெளிறிய கபிலமாக, மெத்தென்று இருக்கும். சில நாளில் கறுக்கும். அதை வேறு இனமென்று பிரித்துவிடாதீர்கள். அழுத்தினால் சிறகுறை வளைந்து கொடுப்பதே அடையாளம்.

ஆணும் பெண்ணும் அளவிலும் முன்பாதத்திலும் வேறுபடுவதால் ஓர் இனத்தை இரண்டாக எண்ணிவிடுவதும் உண்டு. முதலில் ஒவ்வொன்றின் முன்பாதத்தையும் பார்த்து ஆண், பெண் பிரித்துவிட்டுத்தான் குவியல் போடத் தொடங்க வேண்டும்.

இனப்பெயர் வரை போக விரும்பினால்

எச். ஈ. ஆண்ட்ரூஸ் எழுதிய இரண்டு தொகுதிகள், 1929இலும் 1935இலும், பிரித்தானிய இந்திய விலங்கினத் தொடரில் வெளிவந்தன. இலங்கையும் அதில் அடக்கம். குடும்பம் முழுவதையும் அவை முடிக்கவில்லை. உங்கள் வண்டின் குலம் அதில் இல்லாமலும் போகலாம். பெயர்கள் பல பின்னர் மாறிவிட்டதால், அதில் கண்ட பெயரை இப்போதைய பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் எழுத வேண்டும்.

நெருங்கிய இனங்களை முடிவாகப் பிரிப்பது பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம். வண்டை வெந்நீரில் ஊறவைத்து, வயிற்று நுனியிலிருந்து அதை ஊசியால் வெளியே எடுத்து, கிளிசரின் விட்ட சிறு குப்பியில் வண்டோடு சேர்த்தே வைக்க வேண்டும். நுண்நோக்கியும் கற்றுத்தர ஒருவரும் இருந்தால் மட்டும் செய்யுங்கள். அவசரப்பட்டுக் குத்தினால் மாதிரி கெட்டுவிடும்.

உலர்த்தி வைத்தல்

1. 8 மி.மீ.க்கு மேற்பட்ட வண்டை, வலது சிறகுறையின் முன்பகுதியில் பூச்சி ஊசியால் குத்துங்கள். நடுவில் குத்தினால் பார்க்க வேண்டிய அடையாளம் அழியும்.
2. அதைவிடச் சிறியதை முக்கோணமாக வெட்டிய கெட்டி அட்டையின் முனையில் ஒரு துளி வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். வயிற்றுப்பக்கம் மூடப்படக் கூடாது.
3. பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பையோடு அடையுங்கள். இந்த மாவட்டங்களின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்க ஒரு வாரம் போதும். எறும்பு புகுந்தால் ஒரே இரவில் பெட்டி காலி.

சீட்டில் எழுத வேண்டியவை

சீட்டில்லாத வண்டால் அறிவுக்கு எந்தப் பயனும் இல்லை. பெயர் தவறினால் பிறகு திருத்தலாம். இடமும் திகதியும் தொலைந்தால் யாராலும் திருப்பித் தர முடியாது.

- நாடு, மாவட்டம், தோட்டம், பிரிவு, மலை இலக்கம்
- கைபேசி காட்டும் அகலாங்கு, நெட்டாங்கு, கடல்மட்ட உயரம்
- பொறி வைத்த திகதியும் எடுத்த திகதியும்
- இடத்தின் வகை: தேயிலை, இறப்பர், கான், காட்டு ஓரம், கடைசியாகக் கவ்வாத்து வெட்டிய காலம், மருந்து அடித்த நாள்
- பிடித்த முறை, பிடித்தவர் பெயர்
- தனிச் சீட்டில்: வண்டின் பெயர், பெயரிட்டவர், ஆண்டு

விஞ்ஞானப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதுங்கள். மற்றவை தமிழிலோ சிங்களத்திலோ இருக்கலாம், ஆனால் தோட்டத்தின் பெயரை இரண்டு எழுத்திலும் எழுதுவது நல்லது. ஒரே தோட்டத்துக்குத் தமிழில் ஒரு பெயரும் பதிவேட்டில் வேறொரு பெயரும் இருப்பது வழக்கம். இரண்டையும் எழுதுங்கள்.

யாரிடம் காட்டுவது

உயிரோடு எடுத்த படத்தை, மேலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றும் முகத்துக்கு நேரே ஒன்றுமாக, ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றலாம். படத்தை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல முடியாத வண்டுகளே அதிகம் என்பதால், மாதிரியும் கையில் இருப்பதை அங்கே குறிப்பிடுங்கள். மாதிரியைக் காட்டுவதற்குப் பெலிஹுல் ஓயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இரத்தினபுரி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இரத்தினபுரி சென் ஜோக்கிம் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தாழ்நாட்டு நிலையம் உண்டு. நிலையாக வைக்க வேண்டிய மாதிரிகளைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கொடுக்கக் கேட்கலாம். எங்கு போனாலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அனுமதிக் கடிதத்தின் பிரதியையும் சீட்டுகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். ஒப்படைக்கும்போது மாதிரி இலக்கங்கள் எழுதிய பற்றுச்சீட்டு வாங்கி, உங்கள் குறிப்பேட்டின் பின்னட்டையில் ஒட்டி வையுங்கள்.